கொம்புடைய குடும்பம்



சென்ற ஆண்டுத் தேர்வில், "முறிந்த மாட்டுக்கொம்பு மீண்டும் முளைக்குமா?" என வினவியிருந்தோம். "மானுக்கு முளைக்கிறதே, மாட்டுக்கும் முளைக்கும்" என்று மாணவர் பலர் விடையெழுதினர். அவர்களைக் குறைகூற இயலாது. பெரியோர் சிலரும் அவ்வாறே எண்ணுகின்றனர்.

மானின் முற்றிய கொம்பு முழுவதும் எலும்பு. கிளை விட்டு வளர்வது. பின் உதிர்ந்து மீண்டும் முளைப்பது. மாட்டின் கொம்போ இரு பகுதிகளை உடையது. உள்ளே மண்டையோட்டோடு இணைந்த எலும்புத்தண்டு. அதன்மேல், நமது நகம் எப்பொருளால் ஆனதோ அப்பொருளால் ஆன உறை. இறந்த மாட்டின் உறையைக் கழற்றினால் உள்ளே வெற்றிடமாய் இருக்கும். விலங்கின் கொம்பைக் கொண்டு ஊதுகொம்பு செய்ய முடிந்தது இதனாலன்றோ!

பசு, எருமை, வெள்ளாடு, செம்மறியாடு யாவும் இக்குடும்பத்தனவே. பிளவுபட்ட குளம்பும், நான்கு அறைகளுள்ள இரைப்பையும் இவற்றுக்கு உண்டு. மேல்தாடையில் முன்பற்கள் இல்லை. ஐயமிருப்பின், பெரியவர் துணையோடு வீட்டுப் பசுவின் வாயைப் பாருங்கள், தனியே முயலவேண்டா.

நம் மாநிலத்தின் பெயரையே தாங்கிய கெடா–கிளாந்தான் மாடு உருவிற் சிறியது, வெயிலையும் குறைந்த தீவனத்தையும் தாங்கும், பால் குறைவு. தோட்டத்துக் கொட்டகைகளில் நம் முன்னோர் பாலுக்காக வளர்த்தவை, இந்தியாவிலிருந்து வந்த திமிலுடைய மாடுகளின் வழியின. காட்டிலுள்ள உறவினரும் உளர். கால்களில் வெள்ளைக் காலுறை அணிந்தாற்போன்ற செலாடாங் ஒன்று. பாறைக் குன்றுகளில் ஏறும் கம்பிங் குருண் மற்றொன்று. பெயரைக் கண்டு, அது நம் குருண் நகரத்து ஆடென மயங்கற்க. இவ்விரண்டையும் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் முழுமையாகக் காக்கிறது.

அவ்வினாவை நாம் கேட்டதற்குக் காரணம் உண்டு. நம் தோட்டத்துப் பசுவொன்று கம்பிவேலியில் சிக்கிக் கொம்பை முறித்துக்கொண்டது. "தானே முளைக்கும்" என்று வீட்டார் விட்டுவிட்டனர். எலும்புத்தண்டில் இரத்தக்குழாயும் நரம்பும் உண்டு; வளர்ந்த மாட்டில் அதன் உட்குழிவு நெற்றியெலும்பின் அறையோடு தொடர்புடையது. நான்காம் நாள் புண்ணில் புழு வைத்தது. பசு தீனியை மறுத்தது. அதன்பின்னரே கால்நடை மருத்துவரை அழைத்தனர். அவர் புண்ணைக் கழுவி, மருந்திட்டுக் கட்டி, ஈ அண்டாமற் காக்கச் சொன்னார். கறவை நின்ற அந்நாள்களில், பால் விற்ற காசில் நடந்த குடும்பம் கடைக்காரரிடம் கடன் சொல்ல நேர்ந்தது.

பசு பிழைத்தது. நுனி மட்டும் சிதைந்திருந்தால், அடியிலிருந்து உறை வளர்ந்திருக்கும். எலும்போடு முறிந்ததால் கொம்பு முளைக்கவில்லை. இன்றும் மாலையில் பள்ளி வேலியோரம் மேயும் அதனைப் பிள்ளைகள் "ஒத்தக்கொம்பி" என்றே அழைக்கின்றனர்.