விட்ட நடையைத் தொடருங்கள்



"காட்டுல மேட்டுல பாடுபடுற எங்களுக்கு நடைப்பயிற்சி எதுக்குங்க?" என்று நீங்கள் கேட்கலாம். நடவும் களையெடுப்பும் நடக்கும் நாட்களில் அது நியாயமான கேள்விதான். ஆனால் வருஷத்தில் அது எத்தனை நாள்? உழவுக்கு டிராக்டர், அறுப்புக்கு மெஷின், வயலுக்குப் போக மோட்டார் சைக்கிள் என்று ஆகிவிட்டது. பத்து நாள் முதுகு ஒடிய வேலை, பிறகு இருபது நாள் திண்ணை. உடம்புக்கு இந்தக் கணக்கு ஒத்து வராது.

நடக்கும்போது கால் தசைகள் இரத்தத்திலுள்ள சர்க்கரையை எடுத்துச் செலவழிக்கின்றன. நடந்து முடித்த பிறகும் அந்தப் பலன் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள் நிற்கும். போன வாரம் நடந்தது இந்த வாரத்துக்கு உதவாது. ஆகவே சர்க்கரை நோய் உள்ளவர்கள் சேர்ந்தாற்போல் இரண்டு நாளுக்கு மேல் நடையை விடக் கூடாது.

மக்களைத் தேடி மருத்துவம் 2021-ல் தொடங்கியதிலிருந்து, வீட்டு வாசலிலேயே சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்க்கிறார்கள். "உங்களுக்குச் சர்க்கரை இருக்கும்மா" என்று கேட்டவுடன் பயம் வருகிறது. மறுநாள் விடியுமுன் எழுந்து புருஷனும் பெண்சாதியும் ஒரு மணி நேரம் நடக்கிறார்கள். நாலாம் நாள் கால் வலி. ஐந்தாம் நாள் ஊரில் திருவிழா. ஆறாம் நாள், "நாளைக்குப் பாத்துக்கலாம்." அத்தோடு சரி. பல வீடுகளில் நடப்பது இதுதான்.

முதல் வாரம் பத்தே நிமிடம் நடங்கள். வாரா வாரம் ஐந்து நிமிடம் கூட்டுங்கள். அரை மணி நேரம் வந்ததும், வாரம் ஐந்து நாள் என்று வைத்துக்கொண்டால் 150 நிமிடம் ஆகும். உலக சுகாதார நிறுவனம் 2020-ல் பெரியவர்களுக்குக் குறைந்தபட்சம் என்று சொன்ன அளவு அதுதான். பேச்சு வர வேண்டும், பாட்டுப் பாட முடியக் கூடாது. அந்த வேகம் போதும். நேரத்தை அன்றாட வேலை ஒன்றோடு முடிந்துவிடுங்கள். பாலை சொசைட்டியில் ஊற்றிவிட்டு அப்படியே நடக்கலாம்.

பெண்களுக்கு நேரம் எங்கே இருக்கிறது? சாணி அள்ளுவதும் தண்ணீர் பிடிப்பதும் சோறாக்குவதும் அவர்கள் தலையில்தானே! ஐயா, "நீ போயிட்டு வா புள்ள, தண்ணி நான் புடிச்சு வைக்கிறேன்" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். சொன்னால் போதாது, குடத்தையும் தூக்க வேண்டும்.

மழை நாளில் வெளியே போக வேண்டாம். நாற்காலியில் உட்கார்ந்து எழுவதைப் பத்துப் பத்தாக மூன்று தடவை செய்யலாம். சாவு வீடு, கலியாணம் என்று ஒரு நாள் தவறினால் வருத்தப்படாதீர்கள். மறுநாள் கிளம்பிவிடுங்கள்.

சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் நடக்காதீர்கள். மடியில் நாலு மிட்டாய் இருக்கட்டும். நடுக்கம், வேர்வை, கிறுகிறுப்பு வந்தால் உடனே வாயில் போடுங்கள். செருப்பு இல்லாமல் நடக்க வேண்டாம். நெஞ்சு அடைத்தால் நின்று, தாமதிக்காமல் 108-க்குச் சொல்லுங்கள்.

உரக்கடையில் கொடுத்த மாதக் காலண்டரில் நடந்த நாளுக்கெல்லாம் ஒரு கோடு போட்டு வாருங்கள். அடுத்த மாதம் மாத்திரை கொண்டுவரும் அம்மாவிடம் அதையும் காட்டுங்கள்.