இசை நாடகம் பழக விரும்பும் இளையோருக்குச் சில குறிப்புகள்

ஆலயத் திருவிழாக் காலங்களில் வீதியில் மேடையிட்டு, விடிய விடிய நாடகம் பார்த்த தலைமுறையினர் இன்று முதுமை எய்திவிட்டனர். அவர்களுக்குப் பாட்டும் வசனமும் இன்னும் மனப்பாடம். ஆயின் மேடையில் ஏறிப் பாடுவதற்குப் புதியவர்கள் வேண்டும். அண்மைக் காலத்தில் பாடசாலைப் பிள்ளைகள் சிலர், பெண் பிள்ளைகள் உட்பட, இசை நாடகம் பழக விரும்பி முன்வருவது மகிழ்ச்சிக்குரியதாகும். அவர்களுக்குப் பயன்படக்கூடிய சில விடயங்கள் இங்கே தரப்படுகின்றன.

யாழ்ப்பாணத்தில் ‘கொட்டகைக் கூத்து’ என்றும் ‘டிறாமா மோடி’ என்றும் அழைக்கப்பட்டது இந்த இசை நாடகமே. தமிழகத்திலிருந்து கடல் கடந்து வந்த நாடகக் குழுவினர் கொட்டகை அமைத்து நடித்தவற்றைப் பார்த்து, எம்மவர் தாமும் பழகிக்கொண்ட கலை இது. இதன் மூலவராகப் போற்றப்படுபவர் தூத்துக்குடியைச் சேர்ந்த சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) ஆவார். வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி முதலியன அவர் வழிவந்தவை. புகழ்பெற்ற எஸ். ஜி. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் 1926 இல் இலங்கை மேடையிலேயே இணைந்து நடித்தனர் என்பது பலர் அறிந்த செய்தி. எம்மவருள் காங்கேசன்துறையைச் சேர்ந்த நடிகமணி வி. வி. வைரமுத்து (1924–1989) அரிச்சந்திர மயான காண்டத்தின் மூலம் அடைந்த புகழை இங்கு விரித்துரைக்க வேண்டியதில்லை.

பழக விரும்பும் பிள்ளை முதலில் செய்யவேண்டியது பாடுவது அன்று, கேட்பது. ஆர்மோனியக்காரரின் அருகே ஒரு மாதமாவது சும்மா இருந்து கேட்க வேண்டும். இக்காலத்துப் பிள்ளைகள் கைத்தொலைபேசியில் பதிவு செய்து கேட்கலாம். அது நல்ல உதவிதான், ஆனால் அண்ணாவியாருக்கு முன்னால் இருந்து கேட்பதற்கு ஈடாகாது. பதிவில் பாட்டு இருக்கும். பாட்டுக்கு இடையில் எங்கே மூச்சு வாங்குகிறார், எந்தச் சொல்லில் மிருதங்கக்காரரைப் பார்க்கிறார் என்பன இரா.

அடுத்தது சுருதி. ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை வரிசையாக ஒன்று, இரண்டு, மூன்று என எண்ணுவர். இடையே வரும் கறுப்புக் கட்டைகள் ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை எனப்படும். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில், கடைசி வரிசையில் பாய் விரித்திருப்பவருக்கும் கேட்க வேண்டும் என்பதற்காக ஆண்களும் உச்சக் கட்டையில் பாடினர். அதனைக் கேட்டுப் பழகிய பெரியவர்கள், இன்றைய பிள்ளையையும் “மேலே எடு, மேலே எடு” என்று தூண்டுவதுண்டு. இது சரியன்று. இன்று ஒலிவாங்கி இருக்கின்றது. ஆண்களில் பெரும்பாலானோருக்கு ஒன்று முதல் இரண்டு கட்டை வரை இயல்பாக வரும். பெண்களுக்கு ஐந்து, ஐந்தரை. தனக்குரிய கட்டையை விட்டு மேலே பாடுபவர் முதல் காட்சியில் கைதட்டு வாங்கி மூன்றாம் காட்சியில் தொண்டை கட்டி நிற்பார்.

முன்னாளில் பெண் வேடத்தையும் ஆண்களே கட்டியமையால், இருவர் பாடும் தர்க்கப் பாட்டுகளில் சுருதிச் சிக்கல் அவ்வளவாக எழவில்லை. இன்று சாவித்திரியாக ஒரு மாணவியும் யமனாக ஓர் ஆணும் வரும்போது ஒரே கட்டை இருவருக்கும் பொருந்துவதில்லை. ஒத்திகையின்போதே ஆர்மோனியக்காரரோடு இருந்து, எந்தப் பாட்டு எந்தக் கட்டை, எங்கே மாறுவது என்று முடிவு செய்து, அதைக் கொப்பியின் ஓரத்தில் குறித்துவைக்க வேண்டும். மேடையில் வைத்து முணுமுணுத்துத் தீர்மானிப்பது பார்ப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் ஆண் பிள்ளைகளுக்குக் குரல் உடையும். லோகிதாசனாகவும் பால முருகனாகவும் நன்றாகப் பாடிய சிறுவன் திடீரெனப் பிசிறடிப்பான். இது நோயன்று. குரல் நாண்கள் நீண்டு தடிப்பதால் வருவது. அக்காலத்தில் அவனை வற்புறுத்தி உச்சத்தில் பாடவைக்காமல், வசனப் பாத்திரங்களிலும் தாளம் போடுவதிலும் ஈடுபடுத்தலாம். பெற்றோர் அவனை நாடகத்திலிருந்தே நிறுத்திவிடுவதும், பிள்ளை வெட்கப்பட்டுத் தானே ஒதுங்குவதும் பல நல்ல நடிகர்களை இழக்கச் செய்திருக்கின்றன.

தொண்டைக்குப் பனங்கற்கண்டு, சுக்கு, மல்லித் தண்ணீர் என்று ஆளுக்கொரு மருந்து சொல்வார்கள். இவை இதமளிக்கும், அவ்வளவே. விழுங்குவது உணவுக் குழாயால் இறங்குமேயன்றிக் குரல் நாண்களில் படுவதில்லை. உண்மையான மருந்து நாள் முழுவதும் சிறிது சிறிதாகத் தண்ணீர் குடிப்பதும், நித்திரையும், அளவான பேச்சுமாகும். நாடகத்தன்று பகல் முழுவதும் மேடை கட்டுமிடத்தில் நின்று சத்தமிட்டுவிட்டு இரவு அரிச்சந்திரனாகப் பாட முடியாது. தொண்டை கட்டினால் இரகசியம் பேசுவது போலக் குசுகுசுப்பதும் கூடாது; அதுவும் குரலை வருத்தும். பேசாதிருப்பதே நல்லது. மூன்று வாரத்துக்கு மேலும் குரல் கரகரப்பாக இருந்தால் காது மூக்குத் தொண்டை வைத்தியரிடம் காட்ட வேண்டும். வெற்றிலை, சுருட்டு பற்றிச் சொல்லத் தேவையில்லை. அந்தக் காலத்து நடிகர்கள் போட்டார்களே என்பவர்கள், அவர்களுள் எத்தனை பேருக்குக் கடைசிக் காலத்தில் குரல் இருந்தது என்பதையும் கேட்டறிய வேண்டும்.

பாடத்தைப் பொறுத்தவரை, தன் பகுதியை மட்டும் பாடமாக்குபவர் நடிகர் ஆகார். எதிரில் நிற்பவர் முடிக்கும் கடைசிச் சொல் எது என்று தெரிந்தால்தான் தன் பாட்டை எடுக்க முடியும். ஆதலால் காட்சி முழுவதையும் தன் கையால் எழுதிப் படிக்க வேண்டும். பிரதி எடுக்கும் இயந்திரத்தில் எடுத்த தாள் கையில் இருக்கும். கையால் எழுதியது மனதில் இருக்கும். பாடும்போது சொல் தெளிவு முக்கியம். விருத்தத்தில் இராகத்தை இழுத்து இழுத்துச் சொல்லை விழுங்கிவிட்டால், கதை தெரியாத இளம் பிள்ளைகளுக்கு ஒன்றும் விளங்காது. பழைய இரசிகர்களுக்குக் கதை தெரியும். இனி வருபவர்களுக்குத் தெரியாது என்பதை மனதிற் கொள்ள வேண்டும்.

நடிப்புக்கு மயான காண்டமே சிறந்த பாடமாகும். மகனின் உடலோடு வந்து நிற்பவள் தன் மனைவி என்று அரிச்சந்திரனுக்குத் தெரியாது. அவன் வீரவாகுவின் ஏவலாள். சுடலைக்குரிய கூலியைக் கேட்டே ஆகவேண்டும். கணவன் கண்ணுக்கு மட்டுமே தெரியும் தாலியைக் கண்டு சொல்லும்போதுதான் இருவரும் ஒருவரையொருவர் அறிகின்றனர். புதிதாக நடிப்பவர்கள் இக்காட்சியின் தொடக்கத்திலேயே அழத் தொடங்கிவிடுகின்றனர். அறியாதவன் ஏன் அழ வேண்டும்? கூலி கேட்கும் பாட்டில் கண்டிப்பு இருக்க வேண்டும். அந்தக் கண்டிப்பு எவ்வளவு உறுதியாக இருக்கின்றதோ அவ்வளவுக்குத் தாலியைக் கண்டதும் அது உடைவது சபையைத் தாக்கும். மேலும், நடிகர் உண்மையாகவே விம்மி அழுதால் தொண்டை இறுகிச் சுருதி போய்விடும். முகாரி இராகத்தைச் சுத்தமாகப் பாடினால் அழ வேண்டியவர்கள் கீழே இருந்து அழுவார்கள்.

இக்காட்சியில் எவரும் கவனியாத ஒருவர் லோகிதாசன். பாம்பு கடித்து இறந்த பிள்ளை பாட்டு முடியும்வரை அசையாமல் கிடக்க வேண்டும். அவனுக்கு நேரத்தோடு சாப்பாடு கொடுத்து, மலசலகூடத்துக்குப் போய்வரச் செய்து, முகம் சபைக்கு மறுபக்கம் திரும்பியிருக்கும்படி கிடத்த வேண்டும். மின்விளக்குக்கு வரும் பூச்சியும் நுளம்பும் சிறுவனைப் படாத பாடு படுத்தும். சந்திரமதி தலையை மடியில் வைத்துச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டால் அவனுக்கும் ஆறுதல், காட்சிக்கும் அழகு.

ஒலிவாங்கி பற்றியும் கூற வேண்டும். மேலே தொங்கவிடும் ஒலிவாங்கியானால் அதன் கீழ் வந்து நின்றே பாட வேண்டியிருப்பதால், எல்லோரும் ஒரே இடத்தில் குவிவர். முன்கூட்டியே இடம் பிரித்துப் பழக வேண்டும். உடையில் குத்தும் சிறிய ஒலிவாங்கி வந்தபின் நடமாட்டம் இலகுவாயிற்று; ஆனால் பதக்கமும் மாலையும் அதில் உரசி இடி முழக்கம் போல ஒலிக்கும். உடை முழுவதும் உடுத்தபின் ஒருமுறை பாடிப் பார்ப்பது அவசியம்.

ஒப்பனைக்கு முற்காலத்தில் பயன்பட்ட அரிதாரம் பாஷாணம் கலந்த பொருள். வேடம் போடுவதையே அரிதாரம் பூசுதல் என்று சொல்லும் வழக்கம் இருப்பினும் அப்பொருளை இன்று எவரும் தொடவே கூடாது. கடையில் வாங்கும் சிவப்புப் பொடிகளையும் கண்ணருகிலும் உதட்டிலும் பூசலாகாது. பூசுமுன் தேங்காயெண்ணெய் தடவி, கலைக்கும்போதும் எண்ணெயிலேயே துடைத்தெடுக்க வேண்டும். சங்கரதாஸ் சுவாமிகள் சனீஸ்வரன் வேடத்தோடு விடிகாலையில் குளத்தில் முகங்கழுவப் போனபோது, துணி வெளுக்க வந்த பெண் ஒருத்தி அவரைக் கண்டு அஞ்சி உயிர்விட்டாள் என்றும், அதன்பின் அவர் வேடமிடுவதையே விட்டார் என்றும் ஒரு கதை வழங்குகின்றது. வேடத்தைக் கலைக்காமல் வீட்டுக்குப் போகும் இளைஞர்கள் இதை நினைவிற் கொள்ளலாம்.

படிப்புக் கெட்டுவிடும் என்று பெற்றோர் அஞ்சுவதிலும் நியாயம் உண்டு. சாதாரண தரம், உயர்தரப் பரீட்சை எழுதும் ஆண்டில் முதன்மைப் பாத்திரம் ஏற்பது தவிர்க்கப்படலாம். அவ்வாண்டில் பிற்பாட்டுக்கு நின்றாலும் தொடர்பு அறாது. பெண் பிள்ளைகளின் ஒத்திகையை மாலையில் ஆலய மண்டபத்தில் வைத்து, இருட்டுமுன் முடிப்பது பெற்றோருக்கு நம்பிக்கை தரும்.

கடைசியாக, கொப்பிகள். 1990 இலும் 1995 இலும் நேர்ந்த இடப்பெயர்வுகளில் வீடுகளோடு சேர்ந்து போனவற்றுள் நாடகக் கொப்பிகளும் அடங்கும். மீதியாயிருப்பவை சில அண்ணாவிமாரின் பெட்டகத்திலும், அதைவிடக் கூடுதலாக அவர்களது நினைவிலும் உள்ளன. அச்சுப் புத்தகத்தில் சுவாமிகளின் பாட்டுக் கிடைக்கும். அதற்கு இவ்வூரவர் போட்ட மெட்டும், இடையில் சேர்த்த வசனமும், பபூனின் பகிடியும் அதில் கிடையா. பழக வரும் பிள்ளை ஒவ்வொருவரும் ஓர் அண்ணாவியாரிடம் சென்று, அவர் சொல்லச் சொல்ல ஒரு நாடகத்தையேனும் முழுவதுமாக எழுதி, ஒரு பிரதியை ஊர் வாசிகசாலையில் வைப்பார்களாயின் நன்று. இவ்வருடத் திருவிழா முடிந்ததும் தொடங்கலாம். மாரி காலத்தில் அண்ணாவிமார் வீட்டிலேயே இருப்பார்கள்.