ஸ்கைலைனருக்குப் பின்கண்ணாடி மாற்றப் போகிறவர்களுக்கு

"அங்கிள், 57 மாடல் ஸ்கைலைனர் ஒன்று கைக்கு வந்திருக்கிறது. மற்றதெல்லாம் நன்றாக இருக்கிறது, பின்கண்ணாடிதான் போய்விட்டது. ஒரு சனிக்கிழமை வேலைதானே?" டெட்ராயிட் வட்டாரத்துக் கார் கம்பெனிகளில் வேலைக்கு வந்து, வார இறுதியில் பழைய வண்டியோடு மல்லுக்கட்டும் நம் பிள்ளைகள் இப்படிக் கேட்டால் நான் உடனே தலையாட்டுவதில்லை. சாதாரண வண்டி என்றால் ஒரு சனிக்கிழமை வேலைதான். ஸ்கைலைனரில் அந்தக் கண்ணாடி நகர்கிற கூரையில் உட்கார்ந்திருக்கிறது. அந்தக் கூரை டிக்கிக்குள் போய்ப் படுக்க வேண்டும், திரும்பி வந்து தானே பூட்டிக்கொள்ளவும் வேண்டும். அதனால் இதைக் கண்ணாடி வேலை என்று நினைக்காமல், ஓடுகிற இயந்திரத்தில் ஒரு பாகத்தை மாற்றுகிற வேலை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கூரை உள்ளே போகிற இந்த ஸ்கைலைனரை ஃபோர்டு 1957, 58, 59 என மூன்றே மாடல் வருஷங்களுக்குச் செய்தது. முதல் வருஷம் 20,766 வண்டி, அடுத்த வருஷம் 14,713, கடைசி வருஷம் 12,915, ஆக மொத்தம் 48,394. கூரையை ஆட்டிவைக்க 610 அடி ஒயர், பத்து லிமிட் ஸ்விட்ச், ஒரு வரிசை ரிலே, இரண்டு பக்கமும் சுற்றும் ஏழு மோட்டார். 59 மாடலில் மோட்டார் ஆறாகக் குறைந்தது. ஹைட்ராலிக் எண்ணெய் கிடையாது, கம்ப்யூட்டரும் கிடையாது. ஒரு வேலை முடிந்தது என்று ஒரு ஸ்விட்ச் தகவல் கொடுத்தால்தான் அடுத்த மோட்டார் ஓடும். இது மனதில் இருந்தால் கீழே நான் வற்புறுத்துவதற்கெல்லாம் காரணம் தானே விளங்கும்.

1. பெயரை மட்டும் சொல்லிக் கண்ணாடி கேட்காதீர்கள். 1954 முதல் 56 வரையும் ஃபோர்டில் ஸ்கைலைனர் என்ற பெயரில் வண்டி வந்தது. அதன் கூரையின் முன்பகுதியில் பச்சைச் சாயல் பிளாஸ்டிக் பதித்திருப்பார்கள், ஆனால் கூரை அசையாது. 59-இல் பாதி வருஷம் போனபின் கேலக்ஸி என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது. ஒரே வண்டியின் சாமானை இரண்டு பேர் இரண்டு பெயரில் விற்பார்கள். மாடல் வருஷத்தையும், கூரை உள்ளே போகிற வண்டி என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

2. உடைந்த கண்ணாடியோடு கூரைப் பட்டனைத் தொடாதீர்கள். நான் சொல்வதில் ஒன்றை மட்டும் கேட்பதாக இருந்தால் இதைக் கேளுங்கள்.

முன்கண்ணாடி நடுவில் பிளாஸ்டிக் தாள் வைத்து ஒட்டியது, விரிசல் விட்டாலும் நிற்கும். பின்கண்ணாடி டெம்பர்டு, அதாவது சூடேற்றிச் சட்டென்று காற்றில் குளிரவைத்தது. உடைந்தால் முழுக் கண்ணாடியும் ஒரு நொடியில் சின்னச் சின்னக் கட்டியாக உதிரும். மற்ற காரில் அது சீட்டில் விழும், பெருக்கி அள்ளிவிடலாம். இங்கே அது விழுகிற இடத்தில்தான் கூரையைத் தூக்கும் திருகு ஜாக்குகள், பூட்டுகளின் குழிகள், லிமிட் ஸ்விட்சுகள் எல்லாம் இருக்கின்றன. மிளகளவு துண்டு ஒன்று ஸ்விட்சின் நாக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டால் போதும். பூட்டு கழலாமலே கழன்றுவிட்டதாகச் செய்தி போகும், அடுத்த மோட்டார் இழுக்க ஆரம்பிக்கும். பிறகு வளைவது தகடா கம்பியா என்பது உங்கள் அதிர்ஷ்டம்.

சுத்தம் செய்யும்போது காற்று அடிக்காதீர்கள். காற்று துண்டுகளை இன்னும் உள்ளே தள்ளும். மெல்லிய வாய் வைத்த வாக்யூமால் முதலில் உறிஞ்சுங்கள். திருகுகளில் இருக்கும் பழைய கிரீஸில் கண்ணாடித் துகள் புதைந்து உட்கார்ந்திருக்கும், வாக்யூமுக்கு வராது. அந்தக் கிரீஸை முழுக்கத் துடைத்து எடுத்துவிட்டுப் புதிது வையுங்கள். மூலைகளில் மாஸ்கிங் டேப்பை ஒற்றி ஒற்றி எடுங்கள். எல்லாம் முடிந்தது என்று தோன்றியதும் கராஜ் விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைத் தரையோடு தரையாகப் பிடித்துப் பாருங்கள். மிச்சம் இருப்பது பளிச்சென்று கண்ணைக் காட்டும். கட்டாயம் மிச்சம் இருக்கும்.

3. பாட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே கை வைக்க வேண்டும். கூரை மூடி, பூட்டுகள் முழுக்க இறங்கிய நிலையில் வேலை செய்யுங்கள். பாதியில் நிற்கிற கூரைக்குக் கீழே தலையை நீட்டுவது தைரியம் இல்லை.

4. பெட்ரோல் டாங்க் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள். டிக்கியில் கூரை படுக்க வேண்டும் என்பதால், ஃபோர்டு இந்த வண்டியில் டாங்கைப் பின்சீட்டுக்குப் பின்னால் செங்குத்தாக நிறுத்தியது. அதாவது நீங்கள் துரு தேய்க்கப் போகிற இடத்துக்குக் கிட்டத்தட்ட நேர் கீழே. கிரைண்டர் பொறியும் வெல்டிங் பொறியும் எங்கே போய் விழும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வெல்டிங் தேவைப்பட்டால் டாங்கை வெளியே எடுத்துவிட்டுச் செய்யுங்கள். ஈரச் சாக்கைப் போட்டு மூடினால் போதும் என்று சொல்கிற ஆளை வேலைக்கு வைக்காதீர்கள்.

5. உடையாத கண்ணாடியை அவசரப்பட்டு மாற்ற வேண்டாம். மங்கல், நீர்க்கறை, மெல்லிய கீறல் இவை சீரியம் ஆக்சைடு போட்டுப் பாலிஷ் செய்தால் போகும். நகத்தில் தட்டுப்படுகிற ஆழக் கீறலைத் தேய்த்துப் போக்க முயன்றால் கண்ணாடியின் வழியே பார்வை நெளியும். மூலையில் ஃபோர்டின் கண்ணாடி மார்க்கான கார்லைட்டின் கம்பெனி காலத்து முத்திரை உள்ள கண்ணாடி, கொஞ்சம் கீறலோடு இருந்தாலும், எனக்குப் புதியதைவிட உயர்ந்தது. தண்ணீர் ஒழுகுவதுதான் உங்கள் குறை என்றால் கண்ணாடியைச் சுற்றியிருக்கும் ரப்பர் பீடிங்கை மட்டும் மாற்றிப் பாருங்கள்.

6. கண்ணாடி வாங்கும்போது அட்டைதான் உங்கள் சாட்சி. டெம்பர்டு கண்ணாடியை வெட்ட முடியாது, ஓரம் தேய்க்கவும் முடியாது. தொட்டால் மொத்தமும் நொறுங்கும். கால் அங்குலம் பெரிதாக வந்தாலும் திருப்பி அனுப்புவதைத் தவிர வழியில்லை. அதனால் கெட்டி அட்டையில் திறப்பின் வடிவத்தை வெட்டி, வளைவையும் ஒரு தனி அட்டையில் எடுத்து, விற்பவரின் கண்ணாடிமேல் வைத்துப் படம் அனுப்பச் சொல்லுங்கள். அதே வருஷத்து, கூரை நகராத ஃபோர்டு ஃபேர்லேன் ஹார்ட்டாப்பின் கண்ணாடி அப்படியே உட்காரும் என்று யார் அடித்துச் சொன்னாலும் அட்டையைத்தான் நம்புங்கள். முத்திரையில் ஏ.எஸ்.2 என்று இருக்கலாம், பின்கண்ணாடிக்கு அது சரிதான். ஏ.எஸ்.1 என்பது முன்கண்ணாடிக்கு உரியது. பக்கக் கண்ணாடிகள் பச்சைச் சாயலா வெள்ளையா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வந்த கண்ணாடியைப் படுக்கவைக்காதீர்கள். கம்பளத்துண்டு விரித்து ஓரத்தில் நிறுத்துங்கள். டெம்பர்டு கண்ணாடியின் நடுவில் குத்துவிட்டாலும் தாங்கும், ஓரத்தில் சிமென்ட் தரை லேசாக இடித்தால் அத்தோடு சரி.

7. பழைய பீடிங்கை அறுத்து எடுங்கள், பிடுங்காதீர்கள். அந்தக் காலத்து வண்டிகளில் உள்கூரைத் துணியின் ஓரத்தைத் திறப்பின் விளிம்பில் பசை போட்டு ஒட்டி, அதன்மேல் ரப்பரை ஏற்றியிருப்பார்கள். அறுபது வருஷத்துக்கு மேல் இறுகிய ரப்பரோடு துணியும் சேர்ந்து கிழியும். சுற்றியிருக்கும் எவர்சில்வர் பட்டையைப் பிளாஸ்டிக் நெம்புகோலால் அங்குலம் அங்குலமாகக் கழற்றுங்கள். ஒரு இடத்தில் மடங்கினாலும் அந்த மடிப்பு வெயிலில் காலத்துக்கும் தெரியும்.

8. விளிம்புத் தகட்டைப் பெயின்ட்டுக்கு மேலே பார்த்து முடிவு செய்யாதீர்கள். கீழ் மூலைகள் இரண்டிலும்தான் தண்ணீர் தேங்கும். மிச்சிகன் குளிர்காலத்தில் சாலையில் உப்புக் கொட்டுகிற நாடு இது, துருவுக்குச் சொல்லவா வேண்டும்! திருப்புளி முனையால் குத்திப் பாருங்கள். உள்ளே போனால் வெட்டிப் புதுத் தகடு வைக்க வேண்டும், மேல்துரு என்றால் தேய்த்து எபாக்சி பிரைமர் அடித்தால் போதும். பட்டி பூசி வடிவம் கொண்டுவந்தால் ரப்பர் அதன்மேல் நிற்காது. இதையெல்லாம் முடித்தபின், கூரை பூட்டிய நிலையில் திறப்பின் இரண்டு மூலைவிட்டங்களையும் டேப் வைத்து அளந்துவிடுங்கள். இரண்டும் ஒத்துவராவிட்டால் கூரை முறுக்கிக்கொண்டிருக்கிறது. கண்ணாடியை மறந்துவிட்டு முதலில் பூட்டுகளைச் சரிசெய்யுங்கள்.

9. சிலிக்கான் வேண்டவே வேண்டாம். கடையில் கிடைக்கும் சாதாரண சிலிக்கான் காயும்போது வினிகர் வாடை அடிக்கும். அந்த அமிலம் நீங்கள் பாடுபட்டுத் தேய்த்த தகட்டையே தின்னும். பீடிங்குக்கும் தகட்டுக்கும் நடுவில் காலத்துக்கும் இறுகாத, மெதுவாகவே இருக்கிற கண்ணாடிப் பசை தனியாக விற்கிறது. அதைப் போடுங்கள். பின்னால் வந்த கூரை மடங்கும் வண்டிகள் பலவற்றில் பின்கண்ணாடியை யூரித்தேன் பசையால் நேராகவே ஒட்டியிருப்பார்கள், பனி நீக்கும் சூட்டுக் கம்பிக்கு ஒயரும் வரும். அது வேறு வித்தை. அதன் செய்முறையை இங்கே கொண்டுவராதீர்கள்.

10. இனிமேல்தான் எல்லோரும் எதிர்பார்த்த வேலை, கண்ணாடி ஏற்றுவது. இரண்டு ஆள் வேண்டும், முடிந்தால் மூன்று. வெயில் காலத்தில் வைத்துக்கொள்ளுங்கள், குளிரில் ரப்பர் சொன்னபடி கேட்காது.

பீடிங்கைக் கண்ணாடியைச் சுற்றி மாட்டுங்கள். மூலைகள் சரியாக உட்கார்ந்தபின் எவர்சில்வர் பட்டையையும் அதன் பள்ளத்தில் ஏற்றிவிடுங்கள். வண்டியில் ஏறிய பிறகு பட்டையை நுழைப்பது பெரும் பாடு. அடுத்து, தகட்டு விளிம்பு போய் உட்கார வேண்டிய பள்ளத்தில் வழவழப்பான நைலான் கயிற்றைச் சுற்றிலும் அழுத்துங்கள். கீழ்ப்பக்கம் நடுவில் தொடங்கி, திரும்ப அங்கேயே வந்து, ஒரு சாண் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி விட்டு, இரண்டு நுனியையும் உள்பக்கம் தொங்கவிடுங்கள். விளிம்பிலும் ரப்பரிலும் சோப்புத் தண்ணீர் தாராளமாக.

வெளியே இருப்பவர் கண்ணாடியைத் திறப்பின் நடுவில் வைத்து உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். உள்ளே இருப்பவர் கயிற்றின் ஒரு நுனியைக் கண்ணாடியின் மையத்தை நோக்கி இழுக்க வேண்டும், சுண்டக் கூடாது. ரப்பரின் உதடு தகட்டைத் தாண்டி உள்ளே குதிக்கும்போது ஒரு சின்ன 'தப்' சத்தம் வரும். கயிறு போகிற இடத்துக்கு நேர் வெளியே உள்ளங்கையும் கூடவே நகர வேண்டும். முதலில் கீழ்ப்பக்கம், பிறகு பக்கவாட்டு, கடைசியில் மேல்பக்கம். மூலையில் கயிறு இறுகினால் நிறுத்தி, இன்னும் சோப்புத் தண்ணீர் விட்டு, வெளியே இருப்பவரை அழுத்தச் சொல்லுங்கள். அந்த இடத்தில்தான் எல்லோருக்கும் திருப்புளி எடுக்கக் கை துறுதுறுக்கும். திருப்புளியை முன்கூட்டியே வீட்டுக்குள் வைத்துவிட்டு வாருங்கள்.

11. முதல் ஓட்டத்துக்கு முன் களிமண் வையுங்கள். புது பீடிங் பழையதைவிடத் தடித்து இருக்கலாம், பட்டை ஒரு நூல் உயர்ந்து நிற்கலாம். மூடியிருக்கும்போது அது தெரியாது, டிக்கிக்குள் இறங்கும்போது தெரியும். குழந்தைகள் விளையாடும் களிமண்ணைச் சிறு உருண்டையாக உருட்டி, பட்டையின் மேலும் மூலைகளிலும் ஒட்டுங்கள். பாட்டரி ஒயரைத் திரும்ப மாட்டுங்கள். ஒருவர் பட்டனில், ஒருவர் பக்கவாட்டில். கொஞ்சம் ஓட்டி நிறுத்துங்கள், பாருங்கள், மறுபடி ஓட்டுங்கள். திரும்ப மூடியபின் எந்த உருண்டை எவ்வளவு நசுங்கியிருக்கிறது என்று பாருங்கள். தாள் கனத்துக்கு நசுங்கியிருந்தால் அங்கே இடமே இல்லை என்று அர்த்தம்.

இந்த மாதிரிக் கூரையைப் பெஜோ கம்பெனிக்கு வடிவமைத்துக் கொடுத்தவர் ஜார்ஜ் போலான் என்ற பிரெஞ்சுக்காரர். 1934-இல் வந்த 401 எக்லிப்ஸ் அவர் யோசனை. தொழிலால் அவர் பல் டாக்டர். கடித்துக் காட்டச் சொல்லி இடைவெளி பார்க்கிற தொழில் என்பதால்தான் அவருக்கு இது கைவந்தது என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. யுத்த காலத்தில் பிரிட்டிஷாருக்கு உளவு சொன்னதாக 1942-இல் ஜெர்மானியர் அவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

12. தண்ணீர்ச் சோதனையைக் கீழிருந்து மேலே கொண்டுபோங்கள். பீச்சி அடிக்காமல், ஹோஸ் வாயிலிருந்து சும்மா வழியவிடுங்கள். முதலில் கூரை வண்டியின் உடம்போடு சேருகிற அடி ரப்பர், அங்கே சில நிமிஷம். உள்ளே ஒருவர் டார்ச்சோடு உட்கார்ந்திருக்கட்டும். அது காய்ந்தால்தான் கண்ணாடியின் கீழ் ஓரம், பிறகு மேலே. எடுத்ததும் மேலே தண்ணீர் விட்டால் எல்லா இடமும் நனையும், எது ஒழுகுகிறது என்று சண்டைதான் மிஞ்சும். இந்த வண்டியில் பின்சீட்டு நனைந்தால் பெரும்பாலும் குற்றவாளி அடி ரப்பர், பழி விழுவது புதுக் கண்ணாடியின்மேல்.

13. வேலை தொடங்கும் முன், இதே வண்டி வைத்திருக்கும் ஒருவர் வீட்டுக்குப் போய் அவர் கூரை இறங்குவதை ஒருமுறை பக்கத்தில் நின்று பாருங்கள். எந்த மோட்டார் எந்தச் சத்தத்தில் ஓடுகிறது, எங்கே ஒரு விநாடி தயங்குகிறது என்பதெல்லாம் எழுத்தில் வராது. ஸ்கைலைனர் வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் வயதானவர்கள். கராஜைத் திறந்து காட்டக் காத்துக்கொண்டிருக்கிறார்கள், கேட்க ஆள்தான் வருவதில்லை. கூச்சப்படாமல் போன் செய்யுங்கள்.