இடப்பக்கம் நடந்தது, வலப்பக்கம் காலி

பெங்களூர் மர்பி டவுனில் சுவரும் சுவரும் ஒட்டிய வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு ஒன்று தெரியும்: அடுத்த வீட்டு சீரியலின் வசனம் கேட்காமல் பத்து நிமிஷம் யோசிப்பது கஷ்டம். சனிக்கிழமை விடியுமுன் பைக்கைக் கிளப்பித் தனியாக மலைக்குப் போகும் பிள்ளைகளைக் கேட்டால், "சும்மா, கொஞ்சம் யோசிக்கணும்" என்கிறார்கள். திரும்பி வரும்போது போனில் படங்கள் நிறைய இருக்கும். என்ன யோசித்தாய் என்று கேட்டால் பதில் இருக்காது. யோசிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். யோசித்ததைப் பிடித்துவைக்க வழி இல்லாமல் போயிருக்கிறது.

அதற்கு ஒரு நோட்டு போதும். தோல் அட்டை போட்ட விலையுயர்ந்த டைரி வேண்டாம். அழகான தாளைக் கண்டதும் கை அழகாக எழுதப் பார்க்கும், அங்கேயே பொய் ஆரம்பிக்கும். பள்ளிப் பிள்ளைகள் வாங்கும் கோடு போட்ட நோட்டும் பென்சிலும் போதும். மழைச் சாரலில் ஜெல் பேனா கரையும், பென்சில் கரையாது. நோட்டை விரித்தால் இரண்டு பக்கம். இடப்பக்கத்தில் நடந்ததை மட்டும் எழுதுங்கள். வலப்பக்கத்தைக் காலியாக விடுங்கள். பயணம் முடியும்வரை அதைத் தொடாதீர்கள்.

இந்தப் பிரிவினை ஏன் என்பதற்கு நம் பக்கத்து மலையிலேயே ஒரு கதை உண்டு. ஜவ்வாது மலைக் காவலூரில், சுமார் 725 மீட்டர் உயரத்தில், ஒரு வானாய்வகம் இருக்கிறது. அதை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் தலைமையகம் நம் கோரமங்களாவில்தான். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை ஒட்டிக் கடந்தபோது, காவலூரில் 102 செ.மீ. தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அந்த விண்மீனின் ஒளி சில நொடிகள் மங்கியதைப் பதிவு செய்தார்கள். யுரேனஸைச் சுற்றும் புதிய துணைக்கோள் ஒன்று குறுக்கே போயிருக்கிறது என்று முதலில் கருதி, அப்படியே கட்டுரையும் வெளியிட்டார்கள். அது வளையம். அதே இரவில் விமானத்தில் பறந்தபடி அளந்த அமெரிக்கக் குழுவின் கணக்கோடு சேர்த்துப் பார்த்தபோது, யுரேனஸுக்கும் வளையங்கள் உண்டு என்பது உறுதியானது. விளக்கம் மாறியது, நேரத்தோடு குறித்துவைத்த பதிவு மாறவில்லை, அதனால்தான் பின்னால் உதவியது. "மங்கியது" என்ற இடத்தில் "துணைக்கோள் வந்தது" என்று மட்டும் அன்றிரவு எழுதி வைத்திருந்தால் பிறகு எதை எடுத்துச் சரிபார்ப்பது? உங்கள் வேலை, கல்யாணம், அண்ணன் தம்பிச் சண்டை எல்லாவற்றுக்கும் இதே விதிதான். மலையில் நிற்கும்போது வரும் தீர்ப்பு அநேகமாகத் துணைக்கோள்.

முதல் பயணத்துக்கு நான் சொல்வது ஏலகிரி. ஓசூர், கிருஷ்ணகிரி, பர்கூர், நாட்றம்பள்ளி தாண்டிப் பிரிந்து பொன்னேரி போனால் அடிவாரம். பெங்களூரில் இருந்து ஏறக்குறைய 160 கிலோமீட்டர். குளிரை எதிர்பார்த்து ஸ்வெட்டர் மூட்டை கட்ட வேண்டாம். மர்பி டவுனே கடல்மட்டத்துக்கு 900 மீட்டருக்கு மேலே இருக்கிறது, ஏலகிரி சுமார் 1,100 மீட்டர்தான். நடுவில் நன்றாகக் கீழே இறங்கிவிட்டு மறுபடி ஏறுகிறோம், அவ்வளவே.

ஏலகிரியை நான் சொல்வதற்கு இன்னொரு காரணம், அதன் 14 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் பெயர் இருப்பது. பாரதியார், திருவள்ளுவர், இளங்கோ, கம்பர், கபிலர், ஔவையார், பிறகு பாரி, காரி, ஓரி என்று கடையெழு வள்ளல்கள். கை ஹேண்டிலில் இருக்கும்போது எழுத முடியாது, எழுதவும் கூடாது. வளைவில் நிறுத்தவே கூடாது. ஆனால் தலைக்குள் ஒன்று வந்ததும் அதை அந்த வளைவின் பெயரோடு முடிச்சுப் போடலாம். "கபிலர்கிட்ட ராஜினாமா நினைப்பு வந்தது, பேகன்கிட்ட அம்மா ஞாபகம்." மேலே அத்தனாவூரில் டீ சொல்லிவிட்டு உட்கார்ந்தால் வளைவுகள் வரிசையாகத் திரும்ப வரும், நினைப்புகளும் கூடவே வரும். ஏற்காட்டுக்கு 20 வளைவு, கொல்லிமலைக்கு 70. கொல்லிமலையை முதல் தடவையே தனியாகப் போகாதீர்கள். பாதையே கவனம் முழுவதையும் பிடுங்கிக்கொள்ளும், யோசிக்க மிச்சம் இருக்காது.

மலைப்பாதைக்குள்ள பொதுவான பாடம் சுருக்கமாக: ஏறுகிற வண்டிக்கு வழி விடுங்கள். திருப்பத்துக்கு முன்னால் ஹாரன் அடியுங்கள். இறங்கும்போது பிரேக்கையே பிடித்துக்கொண்டிராமல் சின்ன கியரில் வாருங்கள். இருட்டுமுன் அறைக்குப் போய்விடுங்கள். எந்த லாட்ஜ், எப்போது திரும்புவோம் என்று ஒருவரிடமாவது சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். தனிப்பயணம் என்றால் யாருக்கும் தெரியாத பயணம் என்று ஆகாது.

இனி இடப்பக்கம். வண்டி நின்ற இடங்களில் மட்டும், நேரத்தோடு, நான்கைந்து வரி. இப்படி இருந்தால் போதும்:

"5.50. அத்திப்பள்ளி தாண்டி டீ. கிளவுஸ் மறந்தாச்சு, விரல் விறைப்பு. மேனேஜர் வெள்ளிக்கிழமை சொன்ன அந்த ஒரு வரி மூன்று தடவை வந்தது. டீ நல்லாயில்லை."

"8.15. பர்கூர். அக்காவுக்கு போன் போடலாமா என்று எடுத்து, போடாமல் வைத்தேன்."

இரண்டாவது குறிப்பைப் பாருங்கள். போன் போடாததும் ஒரு நடப்பு. யாரைக் கூப்பிட நினைத்தோம், எந்தச் சண்டையின் வசனத்தை ஹெல்மெட்டுக்குள் திரும்பத் திரும்பப் பேசினோம், எந்த ஊர்ப்பலகையைக் கவனிக்காமலே தாண்டினோம் என்பதெல்லாம் இடப்பக்கத்துச் சரக்கு. "மலையின் மடியில் மனம் லேசானது" என்பது ஸ்டேட்டஸுக்கு ஆகும், நோட்டுக்கு ஆகாது.

நம் பேட்டையில் ஒரு தனிச் சங்கடம் உண்டு. வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடமோ இங்கிலீஷோ. பேச வரும், எழுத வராது. அதனாலேயே பலர் நோட்டைத் தொடுவதில்லை. எந்த எழுத்து கைக்கு வருகிறதோ அதில் எழுதுங்கள். தமிழ்ப் பேச்சைக் கன்னட எழுத்தில் எழுதினால் யார் கேட்கப் போகிறார்கள்? புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பு பேச்சு வழக்கில்தான் இருக்கிறது. கப்பல் வந்தது, சரக்கு விலை, யார் யாரிடம் என்ன சொன்னார் என்று அன்றன்றைக்கு எழுதினார். புலவர் நடையில் எழுத உட்கார்ந்திருந்தால் நாலாம் நாளே விட்டிருப்பார். எழுதவே வராது என்றால் வண்டியை நிறுத்திவிட்டு போனில் பேசிப் பதியுங்கள். ராத்திரி அதைக் கேட்டுக்கொண்டே சாரத்தை நோட்டில் ஏற்றிக்கொள்ளலாம்.

வலப்பக்கத்தை வீட்டுக்கு வந்து ஒரு வாரமாவது கழித்துத் திறவுங்கள். இடப்பக்கத்தில் இரண்டு தடவைக்கு மேல் வந்த ஆளோ விஷயமோ எது என்று முதலில் தேடுங்கள். அதற்கு நேரே எழுதுங்கள். பெரும்பாலும் நாம் யோசிக்கப் போன விஷயம் ஒன்றாகவும், வழி நெடுகக் கூட வந்தது வேறொன்றாகவும் இருக்கும். வேலையை விடலாமா என்று கிளம்பியவரின் பக்கம் முழுக்கத் தம்பியின் பெயரே இருந்தால், பேச வேண்டியது மேனேஜரிடம் அல்ல.

ஒரு எச்சரிக்கை. அப்பா காரியம் முடிந்த கையோடு, அல்லது பல இரவுகளாகத் தூக்கமில்லாத நிலையில், வளைவுப் பாதைக்குத் தனியாகப் போகாதீர்கள். அந்த நேரத்துக்கு நோட்டு வேண்டுமென்றால் ஹலசூரு ஏரிக்கரை போதும். மனசு ரொம்பக் கனமாக இருந்தால் டெலி மானஸ் எண் 14416, தமிழிலும் பேசலாம்.

எழுதிய நோட்டை வீட்டில் யாராவது படிப்பார்கள். ஒற்றை பீரோ இருக்கும் வீட்டில் ரகசியம் ஏது? முழுப்பெயர் எழுதாதீர்கள், முதலெழுத்து போதும். நோட்டு வண்டியின் டூல் பாக்ஸிலேயே கிடக்கட்டும்.

ஞாயிறன்று திரும்பும்போது கடைசிக் குறிப்பைக் கிருஷ்ணகிரியிலோ சூளகிரியிலோ முடித்துவிடுங்கள். ஓசூர் தாண்டினால் அத்திப்பள்ளி டோலில் இருந்து சில்க் போர்டு வரை வண்டி ஊர்ந்துகொண்டிருக்கும், அந்த எரிச்சலில் இரண்டு நாள் சேர்த்தது எதுவும் தலையில் நிற்காது.