பக்கம் திறந்தால் வேலை முடிந்ததா?

2018 மார்ச் 7ஆம் திகதி பேஸ்புக், வட்ஸ்அப், இன்ஸ்டகிராம், வைபர் எல்லாவற்றையும் இலங்கை அரசு முடக்கியது. பெப்ரவரி 26இல் அம்பாறை நகரிலும், பின்னர் திகனவிலும் நடந்த வன்முறைகள்தான் காரணமாகச் சொல்லப்பட்டன. 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பிறகும் முடக்கம் வந்தது; 2022 ஏப்ரல் 3இலும் வந்தது. கடைசி முறை, அப்போது அமைச்சராக இருந்த நாமல் ராஜபக்சவே தாம் விபிஎன் வழியாக வந்திருப்பதாக ட்விட்டரில் எழுதி, இப்படித் தடுப்பதில் பயனில்லை என்றார்.

இப்படியான நாட்களில் கல்முனைப் பிரதான வீதியில் கணினி திருத்துகிறவரிடம் வரும் கோரிக்கை ஒன்றுதான்: “தம்பி, பேஸ்புக் வருதில்ல, என்னமாவது செஞ்சி தாங்க.” பெரும்பாலானோருக்கு விபிஎன் போதும். ஆனால் ஒரு செய்தியாளரோ சட்டத்தரணியோ, ஐபி முகவரியை மறைக்கும் டோர் வலையமைப்பையும் அதன் முன்னால் பிரிவொக்சி என்ற ப்ரொக்சியையும் போட்டுவைத்து, அது படுத்துவிட்டது என்று வந்தால் எங்கே கைவைப்பீர்கள்? வேலைக்குப் புதிதாக வருகிறவரைச் சோதிக்க இதைவிட நல்ல கேள்வி கிடையாது.

முதலில் கேளுங்கள்: இந்த ப்ரொக்சி தேவையா? டோர் பேசுவது சொக்ஸ் மொழி. எச்டிடிபி ப்ரொக்சி மட்டுமே தெரிந்த மென்பொருளுக்காகத்தான் நடுவில் பிரிவொக்சி. வெறுமனே இணையப் பக்கம் பார்க்கிறவருக்கு அதைக் கழற்றிவிட்டு டோர் பிரௌசரைப் போட்டுக் கொடுங்கள். வேறு உலாவியை டோரோடு இணைத்தால், அதன் தனி அடையாளங்களே ஆளைக் காட்டிக்கொடுக்கும். பாதி வேலைகள் இங்கேயே முடிந்துவிடும்.

தேவைதான் என்றால் டோர் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். அதன் லொக்கில் தொடக்கம் நூறு சதவீதம் ஏறியதா பாருங்கள். ஏறவில்லையென்றால் கடிகாரத்தைப் பாருங்கள். கட்டாரிலிருந்து வந்த மடிக்கணினியில் நேரவலயத்தை மாற்றாமல் மணியை மட்டும் கையால் திருத்தியிருப்பார்கள். திரையில் மணி சரி, உள்ளே இரண்டரை மணிநேரம் பிசகு. லொக்கில் எச்சரிக்கை வரும். பிசகு பெரிதானால் தொடர்பே கிடைக்காது. கடிகாரம் சரியாக இருந்தும் நகரவில்லையா? வலையமைப்பு டோரைத் தடுக்கக்கூடும். ஸ்னோஃப்ளேக் அல்லது ஒபிஎஃப்எஸ்4 பிரிட்ஜ் ஒன்றைப் போட்டுப் பாருங்கள்.

அடுத்தது போர்ட். தனிச் சேவையாக ஓடும் டோர் 9050இல் கேட்கும். டோர் பிரௌசரோடு வருவது 9150இல். பிரிவொக்சியில் 9050 எழுதிவிட்டு டோர் பிரௌசரை மட்டும் திறந்துவைத்தால் எதுவும் வராது. பிரிவொக்சியின் சொந்த போர்ட் 8118. உலாவியில் அதன் அமைப்புப் பக்கம் வந்தால் அதுவரை பாதை சரி. அங்கிருந்து 503 பிழை வந்தால் சிக்கல் டோர் பக்கம். இணைப்பே மறுக்கப்பட்டால் பிரிவொக்சி ஓடவில்லை. அமைப்புக் கோப்பில், போக்குவரத்தை டோருக்கு அனுப்பும் வரியின் கடைசியில் ஒரு தனிப் புள்ளி இருக்க வேண்டும். அந்தப் புள்ளியை விட்டுவிட்டுத் தலையைப் பிய்த்துக்கொண்டவர்கள் உலகம் முழுக்க உண்டு.

இவையெல்லாம் சத்தம் போடும் பிழைகள். அஞ்ச வேண்டியது சத்தமில்லாத பிழைக்கு. டோருக்கு அனுப்பும் அந்த வரி இல்லாமற்போனால் பிரிவொக்சி நேரடியாகவே இணையத்துக்குப் போகும். பக்கம் டக்கென்று திறக்கும், வாடிக்கையாளர் சந்தோசமாகக் காசு தருவார், அவருடைய ஐபி முகவரி வெட்டவெளியில் இருக்கும். உலாவியில் எச்டிடிபிக்கு மட்டும் ப்ரொக்சியைக் கொடுத்து எச்டிடிபிஎஸ்ஸை வெறுமையாக விட்டாலும் இதே கதிதான். இன்று ஏறத்தாழ எல்லாப் பக்கங்களும் எச்டிடிபிஎஸ் வழியேதான் வருகின்றன. பழைய சொக்ஸ்4 போட்டால், தளத்தின் பெயரை உங்கள் இணைய நிறுவனத்திடமே கேட்டுவிட்டுத்தான் டோருக்குள் நுழையும். போகுமிடத்தை வாசலிலேயே சொல்லிவிட்டு முகத்தை மூடிக்கொள்வது மாதிரி. சொக்ஸ்4ஏ அல்லது சொக்ஸ்5 வகை வரியைப் பயன்படுத்துங்கள்.

ஆகவே டோர் திட்டத்தின் சோதனைப் பக்கத்தைத் திறந்து பார்த்ததோடு எழும்பிவிடாதீர்கள். டோரை நிறுத்திவிட்டு, முன்பு திறக்காத ஒரு பக்கத்தைத் திறக்கப் பாருங்கள். திறக்கக்கூடாது. திறந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது.

வாடிக்கையாளருக்கு இரண்டு விசயம் சொல்லியனுப்புங்கள். மூன்று கணினிகளைத் தாண்டிப் போவதால் வேகம் குறைவது பழுதல்ல. சொந்தப் பெயரில் பேஸ்புக்கில் நுழைந்தால், எந்த வழியால் வந்தாலும் பேஸ்புக்குக்கு ஆள் யாரென்று தெரியும்.

நீங்கள் நிறுவனமொன்றில் மாதச் சம்பளத்துக்கு இருந்தால், அதன் வலையமைப்பில் இதையெல்லாம் போட மேலாளரின் எழுத்துமூல அனுமதி வாங்குங்கள். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் அனுமதியற்ற அணுகலைக் குற்றமாக்குகிறது. வேலைப் பதிவில் எந்தக் கோப்பில் எந்த வரியை மாற்றினீர்கள், டோரை நிறுத்தியபோது என்ன நடந்தது என்பதை எழுதுங்கள். வாடிக்கையாளர் எந்தத் தளத்துக்குப் போகப் பார்த்தார் என்பதை மட்டும் எழுதாதீர்கள்.