மோசல் வெள்ளை வைன்: லேபிளைப் படித்து வாங்குங்கள்

ஜெர்மனியின் மோசல் ஆற்றங்கரைக்குப் போனால் ரீஸ்லிங் திராட்சையில் செய்த வெள்ளை வைனையே முதலில் கேளுங்கள். செங்குத்தான சிலேட் சரிவுகளில் விளையும் அந்தத் திராட்சைதான் இப்பகுதியின் பெருமை.

வாங்குமுன் ஆல்கஹால் அளவைப் பாருங்கள். 8, 9 சதவீதம் என்றால் பழச்சர்க்கரை முழுவதும் நொதிக்கவில்லை. இனிப்பு நன்றாகவே தெரியும். 12-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருந்தால் பெரும்பாலும் இனிப்பற்றது. 'ட்ராக்கன்' என்று போட்டிருந்தால் இனிப்பற்ற வகை. 'ஃபைன்ஹெர்ப்' இலேசான இனிப்புள்ளது. 'கபினெட்', 'ஷ்பேட்லேஸ', 'அவுஸ்லேஸ' ஆகியவற்றை இனிப்பின் படிகள் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அவை பறித்தபோது பழம் எவ்வளவு கனிந்திருந்தது என்பதையே குறிக்கின்றன. ஷ்பேட்லேஸவிலும் ட்ராக்கன் உண்டு.

ருசி பார்க்கும்போது இனிப்பற்றதில் தொடங்கி இனிப்புக்குப் போங்கள். மாற்றிச் செய்தால் அடுத்தது வெறும் புளிப்பாகத் தெரியும். 8 முதல் 10 டிகிரி குளிர்ச்சி போதும். அதற்கு மேல் குளிர்ந்தால் மணம் அடங்கிவிடும். விழுங்கியபின் வாயில் எச்சில் ஊறுகிறதா என்று கவனியுங்கள். எச்சில் ஊறவைக்கும் அந்தப் புளிப்புதான் இனிப்பைத் திகட்டவிடாமல் தாங்குகிறது. நான் தேர்ந்தெடுப்பது அதை வைத்துத்தான்.

பல ஆண்டு வைத்த ரீஸ்லிங்கில் பெட்ரோல் வாடை வரலாம், அது கெட்டுப்போன அறிகுறி அல்ல. அடியில் படியும் கண்ணாடித்தூள் போன்ற படிகங்களும் தீங்கற்றவை.

கார் ஓட்டுபவர் ருசித்துவிட்டுத் துப்பிவிடலாம். அதற்கென்றே பாத்திரம் வைத்திருப்பார்கள், கூச்சம் வேண்டாம்.