கியர்பாக்ஸை இறக்குமுன்

குளுவாங்

அன்புள்ள மருமகனுக்கு,

கியர்பாக்ஸை இறக்கச் சம்மதிக்காதே. உன் போமன், அந்த மெக்கானிக், நல்ல வேலைக்காரராகவே இருக்கட்டும். மீட்டர் வைத்துப் பார்க்காமல் "ஓவர்டிரைவ் போய்விட்டது, இறக்கினால்தான் தெரியும்" என்கிறார் என்றால், அவர் கோளாறை இன்னும் தேடவே ஆரம்பிக்கவில்லை. வால்வோ 240-இல் இந்தச் சாமான் நின்றுபோய் என்னிடம் வந்த வண்டிகளில் பெரும்பாலும் குற்றம் ஒயரில் இருந்தது, இல்லையென்றால் எண்ணெயில் இருந்தது. உள்ளே இருக்கும் இரும்பு அவ்வளவு சுலபத்தில் போகாது.

நீ இரண்டு விஷயம் எழுதியிருந்தாய். ஸ்கூடாயிலிருந்து நெடுஞ்சாலையில் ஏறினால் முதலில் ஓவர்டிரைவ் ஒழுங்காக விழுகிறது, சூடேறி ஆயர் ஈத்தாம் நெருங்கும்போது தானாக விட்டுப்போகிறது என்பது ஒன்று. ஒருநாள் விழுந்தது திரும்பி வரவே இல்லை, வீட்டுவரை அப்படியே ஓட்டி வந்தேன் என்பது இன்னொன்று. முதலாவதைப் பற்றி நான் கவலைப்படவில்லை. இரண்டாவதைப் படித்துத்தான் பதறிப்போனேன், காரணம் உன் வீடு. தாமான் வீட்டு போர்ச்சில் முன்பக்கமாக நுழைத்துவிட்டு, காலையில் ரிவர்ஸ் எடுத்துத்தான் வெளியே வருகிறாய். ஓவர்டிரைவ் சிக்கியிருக்கும்போது ரிவர்ஸ் போடவே கூடாது.

ஏன் என்று தெரிந்துகொள். கியர்பாக்ஸின் வால்பக்கம் ஒரு கிரகப் பல்சக்கரக் கூட்டம் இருக்கிறது, அதுதான் ஓவர்டிரைவ். சாதாரணமாக ஓடும்போது, ஸ்பிரிங்குகள் ஒரு கூம்பு வடிவ கிளட்சைப் பின்னால் தள்ளிப் பிடித்திருக்கும், எல்லாம் ஒரே கட்டாகச் சுற்றும். கியர் தடியிலுள்ள பொத்தானை அழுத்தினால் சொலினாய்ட் ஒரு வால்வைத் திறக்கும். பம்பின் எண்ணெய் அழுத்தம், பல நூறு பிஎஸ்ஐ, இரண்டு பிஸ்டன்களைத் தள்ளி அந்தக் கூம்பை முன்னால் இழுத்து, சுற்றாத பிரேக் வளையத்தோடு ஒட்டவைக்கும். நடுப் பல்சக்கரம் நின்றுவிடும், வெளித்தண்டு வேகமாகச் சுற்றும். 3000 சுற்றில் ஓடிய இன்ஜின் அதே வேகத்துக்கு 2400 அளவில் இறங்குவது இப்படித்தான். இந்த ஏற்பாட்டில் ஒரே திசையில் மட்டும் சுற்றும் கிளட்ச் ஒன்றும் உண்டு. கூம்பு முன்னால் ஒட்டியிருக்கும்போது சக்கரத்தைப் பின்னோக்கிச் சுற்றினால் அது பூட்டிக்கொண்டு நொறுங்கும். அப்புறம் போமன் சொன்னது உண்மையாகிவிடும், கியர்பாக்ஸை இறக்கத்தான் வேண்டும். நியூட்ரலில் போட்டு ஆட்களை வைத்துப் பின்னால் தள்ளினாலும் அதே கதிதான், பின்சக்கரம் சுற்றினாலே போதும்.

சிக்கியதற்கு அடையாளம், முதல் கியரில் கிளம்பும்போதே வண்டி கனமாக, மூச்சு வாங்கிக்கொண்டு நகரும். அப்படித் தோன்றினால் நேரே இடம் உள்ள மைதானத்துக்குப் போய் நிறுத்து. சாவியை அணைத்தும் விடவில்லை என்றால், ஜாக்கி ஸ்டாண்டில் ஏற்றிவிட்டுக் கீழே போய், பிரேக் வளையம் இருக்கும் இணைப்பைத் தோல் சுத்தியலாலோ மரச் சுத்தியலாலோ சுற்றிலும் தட்டு. ஒட்டிக்கொண்ட கூம்பு பலமுறை இதிலேயே விட்டுவிடும். கோளாறு தீரும்வரை போர்ச்சில் விடாதே, தெருவோரமே நிற்கட்டும்.

இனி ஒயருக்கு வருகிறேன். நான் நாற்பது வருடம் சோறு தின்றது இதில்தான்.

இன்ஜினை அணை, சாவியை மட்டும் திருப்பு, நாலாவது கியரில் போடு, பொத்தானை அழுத்து. டேஷ்போர்டில் அம்புக்குறி லைட் எரிகிறதா? கீழே இன்னொருவரைப் படுக்கவைத்து, 'டக்' என்று சத்தம் கேட்கிறதா என்று கேள். சத்தம் கேட்டால் மின்சாரம் போகிறது, எண்ணெய்ப் பக்கம் தேடு. லைட் எரிந்தும் சத்தமில்லை என்றால் ரிலேயிலிருந்து சொலினாய்ட் வரையான ஒயர், அதன் எர்த், அல்லது சொலினாய்டே. லைட்டும் இல்லை என்றால் பொத்தான், கியர் தடியின் ஒயர், நாலாவது கியர் சுவிட்ச், ரிலே, ஃபியூஸ். ஒன்று கவனி: மூன்றுக்கு இறங்கி மறுபடி நாலுக்கு வந்தால் ஓவர்டிரைவ் தானாக வராது, திரும்ப அழுத்த வேண்டும். ரிலே அப்படித்தான் விட்டுவிடும். அதைக் கோளாறு என்று எண்ணி அலையாதே.

கியர் தடிக்குள் போகும் மெல்லிய ஒயரை நான் முதலில் சந்தேகப்படுவேன். ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் அது தடியின் அடியில் வளைகிறது. மேல்தோல் பார்க்கப் புதுசு மாதிரி இருக்கும், உள்ளே செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறுந்து ஒன்றிரண்டு மட்டும் பிடித்துக்கொண்டிருக்கும். பிளக்கைக் கழற்றி இரண்டு முனையிலும் மீட்டரை ஓம் அளவில் வைத்து, ஒருவர் பொத்தானை அழுத்திப் பிடித்திருக்க, தடியை ஒன்றிலிருந்து நாலுவரை மெதுவாக ஆட்டு. முள் துள்ளினால் ஒயர் போய்விட்டது. மாற்றும்போது கடினமான வீட்டு ஒயரைப் போடாதே. பல இழை கொண்ட மெல்லிய ஒயர் வேண்டும், கொஞ்சம் தளர்வு விட்டுக் கட்டு.

சூடானால் விட்டுப்போவது ரிலேயின் குணம். அதன் மூடியைத் திற. பின்கள் பலகையில் ஏறும் இடத்தில் ஈயத்தைச் சுற்றி மயிரிழை போல ஒரு வட்ட விரிசல் தெரிகிறதா என்று பூதக்கண்ணாடியில் பார். குளிரில் ஒட்டியிருக்கும், சூட்டில் பிரியும். பழைய ஈயத்தை உறிஞ்சிவிட்டுப் புதிதாக வைத்தால் தீர்ந்தது.

சொலினாய்டில் வோல்ட் அளக்கும்போது பிளக் மாட்டியபடியே அள. கழற்றி அளந்தால் ஒற்றை இழையில்கூட மீட்டர் 12 காட்டும், வேலை வாங்கினால் படுத்துவிடும். இன்ஜின் அணைந்திருக்கையில் பேட்டரிக்கும் சொலினாய்டுக்கும் ஒரு வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. நம் ஊர் ஈரத்திலும் வருடக் கடைசி மழையிலும் வண்டியடி பிளக்குகளில் பச்சைக் களிம்பு பிடிக்காமல் இருக்காது. சுரண்டித் துடைத்து, எர்த் போல்ட்டையும் பளிச்சென்று தேய்த்து முறுக்கு. சந்தேகம் தீரவில்லை என்றால் பேட்டரியிலிருந்து 5 ஆம்பியர் ஃபியூஸ் வைத்த ஒயரை நேராகச் சொலினாய்டுக்குக் கொடுத்துச் சத்தத்தைக் கேள். இந்த வகை 2 ஆம்பியர் அளவில்தான் இழுக்கும். அந்த ஒயரை மாட்டியபடி வண்டியை எடுத்துவிடாதே.

கோத்தா திங்கியில் வாங்கிய வண்டி என்றாய். 2006 டிசம்பரிலும் அடுத்த ஜனவரியிலும் அந்த ஊர் மூழ்கியது உனக்குத் தெரியும், ஆகவே எண்ணெயைக் கண்டிப்பாகப் பார். உன் வண்டியின் எம்46 கியர்பாக்ஸுக்கும் ஓவர்டிரைவுக்கும் எண்ணெய் ஒன்றுதான், ஏடிஎஃப் வகை. பால் கலந்த தேநீர் நிறத்தில் வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. தடித்த கியர் ஆயிலையோ, வழுக்கலைக் கூட்டும் மருந்துகளையோ யார் சொன்னாலும் ஊற்றாதே. கூம்பு பிடிப்பது உராய்வினால், அதை வழுக்கவைத்து என்ன பயன்? அடித்தட்டின் ஆறு போல்ட்டுகளைக் கழற்றினால் வலை ஃபில்டர் இருக்கும். திறக்குமுன் சாவியைத் திருப்பி, நாலாவது கியரில் பொத்தானைப் பல முறை போட்டு அணைத்து அழுத்தத்தை இறக்கிவிடு. சொலினாய்டைக் கழற்றினால் ஓ-ரிங்குகளையும் மாற்று. எண்ணெய் தாங்கும் நைட்ரைல் ரப்பராகக் கேட்டு வாங்கு, குழாய்க்குப் போடும் ரப்பர் ஊறிப்போகும். சொலினாய்டின் வால்வு அழுக்கில் சிக்கினாலும் நீ சொன்னபடி விழுந்தது வராமல் நிற்கும். உன் இரண்டாவது தொல்லைக்கு நான் பந்தயம் கட்டுவது அங்கேதான்.

இவ்வளவும் சரியாக இருந்து, பொத்தான் போட்டும் இன்ஜின் சுற்று இறங்காமலே நின்றால், அப்போது கியர்பாக்ஸை இறக்கலாம். லைனிங் தேய்ந்திருக்கும், அல்லது பம்ப் அழுத்தம் போதாது.

"அதைப் பிடுங்கிவிட்டு ஓட்டு, நாலு கியர் போதாதா" என்று சொல்பவர்களும் வருவார்கள். கேட்காதே. இங்கிலாந்தில் டி நார்மன்வில் என்பவர் வடிவமைத்து, ஷெஃபீல்டில் லேகாக் கம்பெனி செய்து, 1948-இல் ஸ்டாண்டர்டு வான்கார்டில் வந்த அமைப்பு இது. டிரயம்ஃப், எம்ஜி, ஜாகுவார் என்று எத்தனையோ வண்டிகளில் ஓடி, கடைசிவரை அதை விடாத கம்பெனிகளில் வால்வோவும் ஒன்று. 240 செய்வதை 1993-இல் நிறுத்திவிட்டார்கள். பழைய சாமான் விற்கும் ஹாஃப்-கட் கடைகளில் ஜப்பான் வண்டிச் சாமான்தான் குவிந்திருக்கிறது. இருப்பதை உயிரோடு வைத்துக்கொள்ள வேண்டியவன் நீதான்.

அளந்ததை அளந்த வரிசையிலேயே தாளில் எழுது: எந்த இடம், எத்தனை வோல்ட், சூட்டிலா குளிரிலா. ரிலேயில் ஈயம் வைக்கக் கை நடுங்கினால், கழற்றி ஒரு துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வா. வரும்போது அக்காவையும் அழைத்து வா, உன் அத்தை கேட்டுக்கொண்டே இருக்கிறாள். வண்டியை எங்கள் வீட்டு வாசலில் முன்முகம் தெருவைப் பார்த்தபடி நிறுத்த இடம் இருக்கிறது.

அன்புடன்,
உன் மாமா